‘உன் அப்பா நரகத்தில்தான்’ என்றார்கள்: ஒரு மகளின் கடிதத்துக்குப் பதில்

கடிதம் எழுதியவர் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த 38 வயதுப் பெண். ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இந்துக் குடும்பத்தில் பிறந்து, 24 வயதில் கல்யாணத்தை ஒட்டி ஞானஸ்நானம் எடுத்தவர். கல்யாணத்துக்காக எடுத்த ஞானஸ்நானம் இல்லை, கல்லூரி நாட்களிலேயே இயேசுவை நேசிக்க ஆரம்பித்துவிட்டேன் என்கிறார். அப்பா தோவாளையில் பூ வியாபாரம் செய்தவர். மகள் மதம் மாறியதில் அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மகளுடைய சபைக்கு ஒரு சாக்கு நிறைய பிச்சிப்பூ அனுப்புவார், காசு வாங்கமாட்டார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே அவர் இறந்துபோனார். செய்தி தெரிந்ததும் பாஸ்டர் போன் செய்து, ‘மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்’ என்ற வசனத்தைச் சொல்லி, சடங்கு எதிலும் கை வைக்கக் கூடாது என்றிருக்கிறார். இவர் போனார், ஆனால் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது முடியாது என்று முற்றத்தில் நின்றுவிட்டார். அம்மா ஒரு மாதம் இவரிடம் பேசவில்லை. அடுத்து வந்த ஜெபக்கூட்டத்தில் மூப்பர் ஒருவர், உங்கள் அப்பா கிறிஸ்துவை ஏற்காமல் போனதால் நரகத்தில்தான் இருக்கிறார், நீங்கள் ஒழுங்காகச் சுவிசேஷம் சொல்லியிருந்தால் இப்படி ஆகியிருக்காது, அவருடைய இரத்தப்பழி உங்கள் கையில் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். ஒன்பது வயது மகன் வீட்டுக்கு வந்து, ‘தாத்தா இப்பவும் எரிஞ்சிட்டு இருப்பாரா?’ என்று கேட்டிருக்கிறான். கணவர் நல்லவர்தான், ஆனால் இதைப் பேச ஆரம்பித்தாலே விசுவாசக் குறைவு என்று நிறுத்திவிடுகிறார். அப்பாவின் போட்டோ அலமாரியில் துணிகளுக்கு அடியில் கவிழ்ந்து கிடக்கிறது.

அவருடைய கேள்விகள் இவை. அப்பா எங்கே இருக்கிறார்? இந்த உபதேசத்தை என் மனது ஏற்கவில்லை என்றால் நான் இன்னும் கிறிஸ்தவள்தானா? நான்கு மாதத்தில் முதல் வருஷத் திதி வருகிறது, போகலாமா? மகனுக்கு என்ன சொல்ல? அம்மாவையாவது மனந்திரும்ப வைக்க வேண்டாமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நான் இறையியல் படித்துவிட்டு மனநல ஆலோசனைக்கு வந்தவள். இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் சொல்லப் பார்க்கிறேன். ஆனால் உங்கள் கேள்விகளுக்குள் போவதற்கு முன்னால், நீங்கள் கேள்வியாக எழுதாமல் நடுவில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் தூக்கம், சாப்பாடு

‘ராத்திரி படுத்தா காலையில எழுந்திருக்காமலே போயிட்டா நல்லாயிருக்கும்னு தோணுது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வருவதில்லை என்றும், ஆறு கிலோ குறைந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எட்டு மாதமாக இப்படி என்றால் இதை வெறும் துக்கம் என்று விட்டுவிட முடியாது, சபையில் யாராவது சொல்வதுபோல் ஆவிக்குரிய போராட்டம் என்றும் தள்ளிவைக்க முடியாது. இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். எழுந்திருக்காமல் போனால் நல்லது என்ற நினைப்பு, நானே ஏதாவது செய்துகொண்டால் என்ன என்று மாறுகிற மாதிரி இருந்தால் அந்த நிமிஷமே 14416-ஐ அழையுங்கள். அது மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104-ஐயும் அழைக்கலாம். இதைக் கணவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உபதேசத்தைப் பற்றிப் பேச வேண்டாம், தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள், அதற்கு அவர் காது கொடுப்பார்.

மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் போய்விடுமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான், எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவன் எலியாவிடம் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேள்வி கேட்டால் அவிசுவாசமா?

கணவர் அப்படிச் சொல்கிறார், நீங்களும் பாதி நம்பிவிட்டீர்கள். இதில் நீங்கள் இருவரும் தவறு என்றுதான் நான் நினைக்கிறேன், வேதத்தை வைத்தே சொல்கிறேன்.

யோவான் 6-ஆம் அதிகாரத்தில் இயேசு பேசியதைக் கேட்ட சீஷர்களே, ‘இது கடினமான உபதேசம், யார் இதைக் கேட்பார்கள்’ என்றார்கள். நிறையப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். இயேசு பன்னிருவரையும் பார்த்து, நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ என்றார். அதற்குப் பேதுரு, எங்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்லவில்லை பாருங்கள். ‘ஆண்டவரே, யாரிடத்தில் போவோம், நித்தியஜீவ வசனங்கள் உம்மிடத்தில் உண்டே’ என்றுதான் சொன்னான். புரியாமலே கூட இருந்தான். நீங்களும் எட்டு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை பாட்டு வாயில் வராவிட்டாலும் போய் உட்காருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே.

அழிக்கப்படவிருந்த சோதோம் பட்டணத்துக்காக ஆபிரகாம் தேவனிடம் பேரம் பேசினார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் என்று ஆரம்பித்துப் பத்துப் பேர் வரைக்கும் குறைத்துக்கொண்டே வந்தார். அங்கே இருந்தவர்களில் பலர் அவருக்கு யாரென்றே தெரியாது. ‘சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ’ என்று தேவன் முகத்துக்கு நேராகவே கேட்டார். மோசே இன்னும் ஒரு படி மேலே போய், இந்த ஜனத்தின் பாவத்தை மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும் என்றார். பவுலும் ரோமர் 9-இல், என் சகோதரருக்காக நானே சபிக்கப்பட்டவனாகலாம் என்கிற அளவுக்கு எழுதுகிறார். வேதத்தில் தேவனுக்கு மிக நெருக்கமாக இருந்தவர்கள்தான் இந்தக் கேள்வியை மிகச் சத்தமாகக் கேட்டவர்கள். அப்பா எரிந்தால் நானும் அங்கேயே இருக்கட்டும் என்று ஒரு ராத்திரி ஜெபித்துவிட்டுப் பயந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், மோசேயின் ஜெபத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஜெபம் அது.

அப்பா எங்கே?

எனக்குத் தெரியாது. அப்பா பரலோகத்தில்தான் இருக்கிறார், கவலைப்படாதீர்கள் என்று எழுதினால் இன்றைக்கு ஒரு ராத்திரி தூங்குவீர்கள், நாளைக்கு, இந்த அம்மா ஆறுதலுக்குச் சொன்னாள் என்று உங்களுக்கே தோன்றிவிடும். அந்த மூப்பருக்கும் தெரியாது என்பதையும் அதே நேர்மையோடு சொல்கிறேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி அவர் சொன்னதுதான் தவறு, அதுவும் தகப்பனைப் பறிகொடுத்த ஒருத்தியிடம்.

நரகத்தைப் பற்றி இயேசு பேசியிருக்கிறார், அதை நான் மழுப்பப் போவதில்லை. மூல மொழியில் அவர் சொன்ன வார்த்தை கெஹன்னா. எருசலேமுக்குத் தெற்கே இருக்கிற இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர் அது, ஆகாஸ், மனாசே போன்ற ராஜாக்கள் பிள்ளைகளைத் தீக்கடக்கப்பண்ணிய இடம், எரேமியா அதைச் சங்காரப் பள்ளத்தாக்கு என்றார். (அங்கே எப்போதும் குப்பை எரிந்துகொண்டிருந்தது என்று பிரசங்கங்களில் சொல்வார்கள், அதற்கான எழுத்துச் சான்று இயேசுவுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் கிடைக்கிறது.) புதிய ஏற்பாட்டில் அந்த வார்த்தை 12 இடத்தில் வருகிறது, 11 இடத்தில் பேசுகிறவர் இயேசு. யாரிடம் பேசுகிறார் என்று பார்த்துக்கொண்டே போங்கள். சகோதரனை மூடனே என்று திட்டுகிற சீஷர்களிடம், சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவர்களிடம், வேதபாரகரிடமும் பரிசேயரிடமும். லூக்கா 16-இல் அக்கினியில் வேதனைப்படுகிற ஐசுவரியவானும் ஆபிரகாமைத் தகப்பனே என்று கூப்பிடுகிற ஆள்தான், வாசலில் கிடந்த லாசருவைக் கவனிக்காமல் போனவன். நான்கு சுவிசேஷங்களிலும் இயேசு ஒரு சாவு வீட்டில் நின்று, செத்தவர் நரகத்துக்குப் போய்விட்டார் என்று சொன்ன இடம் ஒன்றுகூட இல்லை. துக்கப்பட்டவர்களோடு சேர்ந்து அவர் அழுதார் என்றுதான் இருக்கிறது.

ஒருவர் அவரிடமே நேராகக் கேட்டார், ‘ஆண்டவரே, இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ’ என்று. எண்ணிக்கையை அவர் சொல்லவில்லை. இடுக்கமான வாசல் வழியாய் உட்பிரவேசிக்கப் பிரயாசப்படுங்கள் என்று கேட்டவர்களையே பார்த்துத் திருப்பிவிட்டார். நரகம் என்ற எச்சரிக்கை கேட்கிறவனுடைய காலடியைப் பார்க்கச் சொல்வதற்காகக் கொடுக்கப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எங்கே போனார் என்று கணக்கெழுத நமக்குக் கொடுக்கப்படவில்லை.

‘என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்’ என்று இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, நான் அதை நம்புகிறேன். உங்கள் அப்பாவுக்கு இரக்கம் கிடைத்தால் அது கிறிஸ்துவின் வழியாகத்தான் கிடைக்கும் என்று அந்த வசனம் சொல்கிறது. நம் கண்ணுக்குத் தெரிந்த வழிகளில் மட்டும்தான் கிறிஸ்து ஒருவரைச் சந்திப்பார் என்று அது சொல்லவில்லை. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் இல்லை, பாவ அறிக்கைப் படிவம் இல்லை, ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உங்கள் அப்பாவுக்கும் தேவனுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஏதோ நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ‘மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள்’ என்று உபாகமம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. உங்கள் ஊர்ப்பக்கமே கோட்டாறு இருக்கிறது, சவேரியார் கோயில் திருவிழாவுக்குச் சின்ன வயதில் அப்பாவோடு போயிருப்பீர்கள். கத்தோலிக்க மிஷனரியாக 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே பிரான்சிஸ் சவேரியார் பிறகு ஜப்பான் போய்த் திரும்பி, 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். ஜப்பானில் கிறிஸ்தவர்கள் ஆனவர்கள், இறந்துபோன எங்கள் அம்மா அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் வழியே இல்லையா, ஜெபத்தாலாவது மீட்க முடியாதா என்று கேட்டு அழுகிறார்கள், இல்லை என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது, அவர்கள் அழுவதைப் பார்த்து எனக்கும் சில நேரம் கண்ணீரை அடக்க முடியவில்லை என்று அதில் எழுதியிருக்கிறார். அவர் சொன்ன பதில் அந்தக் காலத்துச் சபையின் பதில். அதே கத்தோலிக்க சபை 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற உலக ஆயர்கள் கூட்டத்தில், தங்கள் குற்றமில்லாமல் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாமல் இருந்து, உண்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி மனசாட்சியின்படி நடக்கிறவர்களும் மீட்பை அடையலாம் என்று எழுதிவைத்தது. ஜப்பானியர்களின் அந்த அழுகைக்குப் பதில் வர நானூறு வருஷம் ஆனது.

நீங்கள் கத்தோலிக்கர் இல்லை, சரி. ஆனால் நரகத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்கு எப்போதும் ஒரே கருத்துதான் இருந்தது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே, அது உண்மையில்லை. முடிவே இல்லாத வேதனை என்பது பெரும்பான்மைக் கருத்து, பழைய காலத்துப் பெரிய போதகரான அகஸ்தீன் முதல் இன்றுவரை அதற்குப் பலமான வசன ஆதாரம் காட்டுகிறார்கள், இலேசாகத் தள்ள முடியாது. ஆனால் நான்காம் நூற்றாண்டில் நிசா ஊர் ஆயரான கிரகோரியார் கடைசியில் எல்லாமே தேவனிடம் சீராகித் திரும்பும் என்று எதிர்பார்த்தார், அவரைக் கிழக்குச் சபையும் மேற்குச் சபையும் பரிசுத்தவான் என்றே சொல்கின்றன. நம் காலத்தில் ஜான் ஸ்டாட், உலகம் முழுக்க சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் மதிக்கிற ஆங்கிலிக்கன் போதகர், 1988-இல் துன்மார்க்கரின் முடிவு ஓயாத வேதனை என்பதைவிட அழிந்துபோவது என்று வசனங்களை வாசிக்க இடமிருக்கிறது எனத் தயங்கித் தயங்கி எழுதினார், திட்டும் வாங்கினார். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் தடுமாறுவதால் நீங்கள் கிறிஸ்தவள் இல்லை என்று யாராவது சொன்னால், அவர்கள் இந்தப் பெயர்களையும் வெளியே தள்ளியாக வேண்டும்.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 203-இல் வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்தில் பெர்பெத்துவா என்ற 22 வயதுத் தாயை விசுவாசத்துக்காகக் கொன்றார்கள். சிறையில் இருந்தபோது அவர் எழுதிய குறிப்பு இன்றும் இருக்கிறது. ஏழு வயதில் முகத்தில் புண் வந்து செத்துப்போன தம்பி தினோக்கிராத்தே திடீரென்று அவர் ஞாபகத்துக்கு வருகிறான். தரிசனத்தில் அவன் இருட்டான இடத்தில் தாகத்தோடு நிற்கிறான், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, விளிம்பு அவனுக்கு எட்டாத உயரத்தில். அக்கா இரவும் பகலும் அழுது ஜெபிக்கிறார். சில நாள் கழித்து மறுபடி பார்க்கிறார். விளிம்பு அவன் இடுப்பளவுக்கு இறங்கியிருக்கிறது, அவன் வேண்டுமட்டும் குடித்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி விளையாட ஓடுகிறான். மரித்தோருக்காக ஜெபிப்பதை உங்கள் சபை ஏற்பதில்லை என்று தெரியும், அந்த வாதத்துக்குள் உங்களை இழுக்கவில்லை. இரத்தசாட்சியாகச் சாகப்போகிற ஒரு பெண், செத்துப்போன தம்பியைப் பற்றிய பயத்தை வாயை மூடி அடக்கிவைக்காமல் தேவனிடம் கொண்டுபோனாள் என்பதைத்தான் சொல்கிறேன். அப்பாவின் பெயரைத் தேவனிடம் சொல்லவே பயமாயிருக்கிறது என்றீர்கள். பெயரைச் சொல்லுங்கள், நீங்கள் பெயர் சொல்வது தேவனுக்குப் பிடிக்காமல் போகாது.

இரத்தப்பழி

மூப்பர் சொன்னது எசேக்கியேல் 3-உம் 33-உம். துன்மார்க்கனை நீ எச்சரிக்காவிட்டால் அவன் இரத்தப்பழியை உன் கையிலே கேட்பேன் என்ற வசனம். சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போன இஸ்ரவேலுக்குக் காவற்காரனாக வைக்கப்பட்ட ஒரு தீர்க்கதரிசிக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது. தோவாளையில் அப்பாவைப் பறிகொடுத்த ஒரு மகளுக்கு அதை அப்படியே தூக்கிப் போடுவது வேதத்தைக் கவனமாக வாசிக்கிறவர் செய்கிற வேலை இல்லை. அதே 33-ஆம் அதிகாரத்தில்தான், துன்மார்க்கனுடைய மரணத்தை நான் விரும்பவில்லை என்று தேவன் தன் ஜீவன்மேல் ஆணையிட்டுச் சொல்கிறார். அதே எசேக்கியேல் 18-இல்தான், ஒருவர் அக்கிரமத்தை இன்னொருவர் சுமப்பதில்லை என்று வருகிறது.

ஒரே ஒரு தடவைதான் அப்பாவிடம் இயேசுவைப் பற்றிப் பேசினேன், அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழேயே இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கல்யாணத்துக்கு மறுவாரம் அப்பா போட்ட விருந்தில், கணவர் வீட்டு ஆட்கள் சிலர் படைத்த சாப்பாடாக இருக்கும் என்று இலையில் கை வைக்காமல் எழுந்துவிட்டார்கள், அப்பா அதற்கப்புறமும் பூ அனுப்பினார் என்று. கிறிஸ்தவர்களைப் பற்றி உங்கள் அப்பா கேட்ட பிரசங்கத்தில் அந்த எழுந்துபோன இலைகளும் சேர்த்திதான். அவர் எதைக் கேட்டு எதை மறுத்தார் என்று நியாயாதிபதிதான் பிரித்துப் பார்க்க முடியும். அந்தக் கணக்கு முழுவதையும் ஒரு மகளின் தலையில் எழுதுவது அநியாயம்.

வாய்க்கரிசியும் திதியும்

‘மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்’ என்பது கடினமான வசனம்தான். பின்பற்றி வா என்று கூப்பிட்டபோது முதலில் தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்ற ஒருவனுக்கு இயேசு சொன்னது அது. செத்து ஒரு வருஷம் கழித்து எலும்புகளை எடுத்துப் பெட்டியில் வைக்கிற யூத வழக்கத்தை நினைத்துச் சொன்னதாகச் சில அறிஞர்கள் கருதுகிறார்கள், உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதை வைத்து மகளைச் சாவு வீட்டிலிருந்து விலக்குகிறவர்கள் மாற்கு 7-ஐயும் வாசிக்க வேண்டும். தேவனுக்குக் கொடுத்தாயிற்று, கொர்பான் என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று அங்கே இருக்கிறது. சிலுவையில் உயிர் போகிற நேரத்தில்கூட அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஏற்பாடு செய்தவர் அவர்.

வாய்க்கரிசி போடாதது பாவமா, போட்டிருந்தால் பாவமா என்று இரண்டு பக்கமும் கேட்கிறீர்கள். இரண்டுமே பாவம் இல்லை என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் மனசாட்சிக்கு எது சரியென்று தெரிந்ததோ அதைச் செய்தீர்கள், அப்பாவை நேசிக்காததால் செய்யவில்லை. அதை அம்மாவிடம் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். நான் அன்றைக்குச் செய்தது சரி என்று வாதாட வேண்டாம், ‘அன்னிக்கு முற்றத்துல நின்னது எனக்கு இன்னும் வலிக்குதும்மா’ என்று சொன்னால் போதும்.

திதிக்குப் போங்கள் என்பது என் ஆலோசனை. எவ்வளவு கலந்துகொள்வது என்பதைக் கணவரோடு உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள், அங்கே போய் நின்றுகொண்டு முடிவெடுக்க வேண்டாம், போன தடவை நடந்ததே அதுதான். முந்தின நாளே போய் அம்மாவோடு தங்கலாம், காய் நறுக்கலாம், வந்தவர்களுக்குப் பரிமாறலாம். பிண்டம் வைக்கிற இடத்தில் உங்கள் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் குணமான பிறகு எலிசா தீர்க்கதரிசியிடம் ஒரு சங்கடத்தைச் சொன்னான். என் ராஜா ரிம்மோன் என்ற தன் தெய்வத்தின் கோவிலில் பணியும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வான், நானும் குனிய வேண்டிவரும், கர்த்தர் இதை மன்னிப்பாராக என்றான். எலிசா நீண்ட விளக்கம் கொடுக்கவில்லை, ‘சமாதானத்தோடே போ’ என்றார். யாக்கோபு செத்தபோது எகிப்திய வைத்தியர்கள் எகிப்திய முறைப்படி உடலுக்குச் சுகந்தவர்க்கமிட்டார்கள், எகிப்தியர் 70 நாள் துக்கங்கொண்டாடினார்கள், சுகந்தவர்க்கமிடச் சொன்னதே மகன் யோசேப்புதான்.

இதில் சிக்கலும் உண்டு. நீங்கள் போனது தெரிந்தால் சபையில் பேச்சு வரும், ஒருவேளை திருவிருந்திலிருந்து கொஞ்ச நாள் விலகி இருக்கச் சொல்வார்கள். அதற்குத் தயாராக இருங்கள். பாஸ்டரிடம் முன்கூட்டியே போய், அனுமதி கேட்கிற தோரணையில் இல்லாமல், தகவலாகச் சொல்லிவிடுவது நல்லது. தனியாகப் போகாதீர்கள், கணவரோடு போங்கள். அப்போதே, ஜெபக்கூட்டத்தில் மூப்பர் பேசியது உங்களை எந்த நிலைக்குத் தள்ளியது என்பதையும் சொல்லுங்கள். அவர் கேட்டு வருந்தினால் அந்தச் சபையிலேயே இருக்கலாம். கேட்காமல் மறுபடி அதையே திரும்பச் சொன்னால், வேறு சபைக்குப் போவது விசுவாசத்தை விட்டுப்போவது ஆகாது. ஆனால் இப்போதே, தூக்கமில்லாத இந்த நிலையில், பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

நடுவில் சித்தப்பா, ‘மதம் மாறினவளுக்கு இந்த வீட்டுல என்ன உரிமை’ என்று கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், மதம் மாறியதால் மட்டும் மகளுக்குத் தகப்பன் சொத்தில் உள்ள வாரிசுரிமை 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி போய்விடாது. எங்கேயும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாமல் ஒரு வக்கீலைக் கேளுங்கள்.

பையனுக்கு

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மூன்று விதமான இறையியல் கருத்து வேண்டாம், ராத்திரி பயமில்லாமல் தூங்க ஒரு உண்மை வேண்டும். ‘தாத்தா எங்க இருக்காருன்னு அம்மாவுக்குத் தெரியாது. தாத்தா இயேசு கையில இருக்கார். நமக்குத் தாத்தாவை எவ்வளவு தெரியுமோ, எவ்வளவு பிடிக்குமோ, அதைவிட இயேசுவுக்கு அதிகம் தெரியும், அதிகம் பிடிக்கும்’ என்று சொல்லுங்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் மறுபடி மறுபடி கேட்பான், அப்போதும் அதே வார்த்தையில் சொல்லுங்கள். சண்டே ஸ்கூல் டீச்சரிடம் போய், சாவைப் பற்றியும் நரகத்தைப் பற்றியும் கொஞ்ச நாளைக்கு அவன் முன்னால் பேச வேண்டாம் என்று நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள். தாயாக அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவன் ராத்திரி கத்தி எழுந்திருக்கிறான், படுக்கையை நனைக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அது இன்னும் ஒரு மாதம் தொடர்ந்தால் அவனையும் அதே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அம்மா

அம்மாவை மனந்திரும்ப வைக்க வேண்டாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். துணையை இழந்து எட்டு மாதம்கூடத் தாண்டாத ஒரு பெண்ணிடம் போய், நீயும் அப்பா மாதிரிப் போய்விடாதே என்று சொன்னால் அவர் காதில் விழுவது, உன் புருஷன் எரிகிறான் என்பது மட்டும்தான். சுவிசேஷத்தை உங்களால் சொல்லாமல் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும், அது உங்கள் உயிர். அவர் கேட்கிற நாளில் சொல்லுங்கள். அதுவரைக்கும் வாரத்துக்கு ஒரு நாள் போய் அவரோடு சாப்பிடுங்கள், அவர் இலை போட்டுக் கூப்பிட்டால் எழுந்துபோகாமல் உட்காருங்கள்.

கடைசியாக அந்த போட்டோ. போட்டோவை வணங்குவது வேறு, வைத்திருப்பது வேறு, கணவருடைய தாத்தா படம் உங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்பாவையும் அங்கேயே மாட்டுங்கள், பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்க்கிற உயரத்தில். டிசம்பர் வரும்போது சபைக்குப் பூ யார் அனுப்புவார்கள் என்று கேட்டு அழுததாக எழுதியிருந்தீர்கள். தோவாளைச் சந்தைக்கு அதிகாலையில் போனால் பிச்சி கிடைக்கும், அப்பா யாரிடம் வாங்குவார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். இந்த வருஷம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீங்கள் போங்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.